ஓரத்துப் பன்

வாயாடி என்று அவளுக்குப் பேர் வைத்ததே அவள் புருஷன்தான். வைத்த பேரில் பொய் ஒன்றும் இல்லை. பேச ஆள் கிடைக்காவிட்டால் பிசைகிற மாவோடு பேசுவாள். மாவும் பாவம், வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கப் பெரிய கட்டடங்களுக்குள் வெளிச்சமில்லாத குழிகளில் இறங்கி, கம்பிக்கும் கப்பிக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வருகிறவன். வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "என்னடி வாயாடி, இன்னைக்கு என்ன சேதி?" என்பான். அவ்வளவுதான், அவள் ஆரம்பித்துவிடுவாள். அவன் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றுவான், கேட்டுக்கொண்டே கை கழுவுவான், சில நாள் கேட்டுக்கொண்டே தூங்கியும் போவான்.

பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு பக்கத்துச் சொந்தமும் கல்யாணத்தோடு அவர்களைத் தலைமுழுகிவிட்டது. அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அதற்கு மேல் யாரும் இல்லை. அதை ஒரு குறையாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சொந்தக்காரர்கள் இல்லாத வீட்டில் எவ்வளவு நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது சமையலறையில் ஒரு பெரிய ஓவனும், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒரு கண்ணாடி ஜாடியும் இருந்தன. முன்னால் குடியிருந்த அம்மா விட்டுவிட்டுப் போனது, வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று வீட்டு ஓனர் சொன்னார். நல்ல ஓவனை யாராவது தூக்கிப் போடுவார்களா? ஜாடிக்குள் புளித்த மாவு இருந்தது. வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்திருக்கிறது, ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் இல்லை. நியாயமாகப் பார்த்தால் அது பூஞ்சை பிடித்து நாறியிருக்க வேண்டும். அதுவோ நேற்றுப் பிசைந்து வைத்ததுபோல் பளபளவென்று, மூடியை முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவள். இப்படி ஒரு மாவு கையில் கிடைத்தால், ரொட்டி போடத் தெரிந்த யாரும் விடமாட்டார்கள். அவளும் விடவில்லை.

அந்த மாவுக்குத் தனியாக ஈஸ்ட் வேண்டாம். ஜாடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் புது மாவோடு சேர்த்துப் பிசைந்தால் போதும், பொங்கிவிடும். பொங்கியதிலிருந்து ஒரு பிடி கிள்ளித் திரும்ப ஜாடியில் போட்டுவிட வேண்டும். நேற்றைய மாவு இன்றைக்கு, இன்றையது நாளைக்கு. அப்படித்தான் அவள், நடுவில் பிளந்து இறைச்சி வைக்கிற நீளமான ஹாட் டாக் பன் போட ஆரம்பித்தாள். விளையாட்டு மைதானத்து வாசலில் ஹாட் டாக் வண்டி போடுகிற ஒருத்தர் தினமும் வந்து வாங்கிப் போனார். அவரை எல்லாரும் வண்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாங்கினாள். தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் வாங்கினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோதுமை அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஒரு வாய் தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும், வயிறு பிடித்துக்கொள்ளும். மாவைக் கையில் தொடலாம், நாக்கில் வைக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு அவள் சோறுதான் தின்பாள். ருசி பார்க்கிற உத்தியோகம் முழுக்க லிஃப்ட்காரனுடையது.

அவள் வேலையைப் பார்க்க அழகாக இருக்கும். பாலும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்து, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை மாவைத் தூக்கி அடித்துப் பிசைவாள். பொங்கியதை உருண்டை பிடித்து, கொஞ்சம் ஓயவிட்டு, உள்ளங்கையால் தட்டையாக்கி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவாள். அந்தச் சுருள்களை ட்ரேயில் தோளோடு தோள் உரசும்படி நெருக்கி அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று தாங்கி உயரமாக எழும்பும், பக்கமெல்லாம் பஞ்சாக இருக்கும். மேலே முட்டை தடவி, வெள்ளை எள், கருப்பு எள், கசகசா, ஆளி விதை எல்லாம் கலந்து தாராளமாகத் தூவுவாள். வெந்து வரும்போது விதைகள் பொரிந்த வாசனை தெருமுனைவரை போகும்.

ட்ரேயின் நாலு மூலையிலும் உள்ள பன் மட்டும் அனல் நேராகப் படுவதால் ஒரு பக்கம் காய்ந்து முறுகிவிடும். அதைப் பிளந்து சாசேஜ் வைத்தால் உடைந்துபோகும், வண்டிக்கு ஆகாது. அந்த நாலும் லிஃப்ட்காரனுக்கு. முறுகலைக் கடிக்க அவனுக்கு அவ்வளவு இஷ்டம். தன் கையாலேயே பன்களைப் பிட்டுப் பெட்டியில் அடுக்குகிற வண்டிக்காரர், ஓரத்துப் பன் நாலையும் ஒரு தட்டில் எடுத்துவைத்து, மேலே துணி மூடிவிட்டுத்தான் போவார். இது யாரும் யாருக்கும் சொல்லாமலே நடக்கிற ஏற்பாடு.

மாவில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் காட்டியது மாவேதான். பொங்கவைத்த பாத்திரத்தில் அது நடுவில் எழும்பாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. ஓவன் சூடு ஒரு பக்கமாக அடிக்கிறது என்று நினைத்துப் பாத்திரத்தைத் திருப்பி வைத்தாள். திரும்பவும் அதே பக்கம். அறையின் இன்னொரு மூலைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். மாவு எங்கே வைத்தாலும் வாசல் கதவுப் பக்கமாகத்தான் சாய்ந்தது. "உனக்கு அங்க என்னடி வேலை?" என்று அதைத் திட்டிவிட்டு, வழக்கம்போல் பிசையப் போய்விட்டாள்.

பிறகு தையல்காரம்மா. அவள் தனிக்கட்டை. ஒருநாள் பன் கொடுக்கப் போனபோது, அவள் வீட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தது. யார் விருந்தாளி என்று வாயாடி சும்மா இருக்கமாட்டாமல் கேட்டாள். யாரோ வருகிறார்கள் என்றாள் அவள். யார் என்று கேட்டதற்குத் தையல்காரம்மா வெகுநேரம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெட்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது.

"அதாம்மா தெரியல. ஆனா வருவாங்க."

தைக்க வந்த துணியெல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. அவள் மெஷினைத் தூக்கி ஜன்னலோரம் தெருவைப் பார்க்கப் போட்டிருந்தாள். ஊசியில் நூலே இல்லை. வயதானால் இப்படித்தான் என்று வாயாடி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். உண்மையில் தையல்காரம்மாவுக்கு அப்படியொன்றும் வயதாகவில்லை.

வண்டிக்காரரும் கூவி விற்கிறதை விட்டுவிட்டார். பன் வாங்க வந்தவர் பேச்சு நடுவில் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்த்தார். தின்றவர்கள் கலைந்து போகாமல் வண்டியைச் சுற்றியே நிற்கிறார்களாம். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால் சும்மாதான் என்கிறார்களாம். கூட்டம் இருந்தால் வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றது.

இதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். ஊரார் எக்கேடு கெட்டால் என்ன? அவளுக்குப் பயம் தட்டியது லிஃப்ட்காரன் ஜன்னலுக்குப் போனபோதுதான். ஒரு சாயங்காலம் அவள் மும்முரமாக ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவன் பாதியில் எழுந்துபோய்த் திரையை விலக்கிப் பார்த்தான். யார் என்று கேட்டாள். யாரோ வருகிறதுபோல் இருந்தது என்றான். மறுநாளும் போனான். அதற்கு அடுத்த வாரம் வேலையிலிருந்து வந்ததும் நேராக ஜன்னலுக்குத்தான் போனான், என்ன சேதி என்று கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் திரும்பினான்.

"கொஞ்சம் சும்மா இரேன். கதவு தட்டுனா காதுல விழாது."

அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவள் கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, அழுதாலும் சத்தம் போடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது தட்டு வந்தது. அவனே எடுத்துவைத்தான், துடைத்து, பூப்போட்ட பக்கம் மேலே தெரியும்படி.

"இது யாருக்கு?"

"அவளுக்கு."

"எவளுக்கு?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டவன் மாதிரி விழித்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, "உனக்குத்தான்டி, வேற எவளுக்கு?" என்றான். அவள் தட்டு அவள் முன்னால் ஏற்கெனவே இருந்தது, பாதிச் சோறு தின்றபடி.

எவளோ ஒருத்தி என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தான் நினைப்பாள். அவன் சட்டையை மோந்து பார்த்தாள், கிரீஸ் வாசனைதான் அடித்தது. வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருகிறவனுக்கு எவள் எங்கிருந்து முளைப்பாள்? அப்போதுதான் தையல்காரம்மாவின் இரண்டாவது தட்டு அவள் நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவில் யார் வீட்டிலெல்லாம் ஆட்கள் ஜன்னலோரம் வந்துவிட்டார்கள் என்று மனதுக்குள் ஒரு சுற்று வந்தாள். எல்லாம் அவள் பன் வாங்குகிற வீடுகள். பன் தின்னாதவள் அவள் ஒருத்திதான்.

வீட்டு ஓனருக்கு ஃபோன் போட்டு, முன்னால் இருந்த அம்மாவைப் பற்றிக் கேட்டாள். ஓனர் முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். அந்த அம்மாவும் பன் போட்டுக்கொண்டிருந்தவள்தானாம். கடைசியில் அதையும் விட்டுவிட்டு எந்நேரமும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளாம். எப்போது கேட்டாலும் வீட்டுக்காரர் வருகிற நேரம் என்பாளாம். கூடவே ஒரு ஆளும் அதே மாதிரி உட்கார்ந்திருப்பாராம். அது யார் என்று ஓனர் ஒருதடவை கேட்டதற்கு, தெரியவில்லை, அவரும் யாருக்காகவோ காத்திருக்கிறார் என்றாளாம். ஒருநாள் போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் இல்லை. சாமான் எல்லாம் அப்படியே இருந்தது, கதவு திறந்து கிடந்தது.

"நீங்க ஏன் இத முன்னாடியே சொல்லல?"

"சொன்னா யாரும்மா குடி வருவாங்க?" என்றார் ஓனர்.

அன்றைக்கே ஜாடியை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தாள். லிஃப்ட்காரன் வேலைக்குப் போயிருந்தான், சாயங்காலம்தான் வருவான். ஜாடியைக் குப்பைக் கூடைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தாள். மாவு வெதுவெதுவென்று அவள் கையில் இறங்கி, விரல்களுக்கு நடுவே மெல்லப் பொங்கியது. குப்பையில் போடக் கை வரவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து ஒரு பருக்கையைக்கூட வீணாக்காமல் வளர்ந்தவள். ரொட்டிக் கடையில் கீழே சிந்திய மாவைக்கூடக் கூட்டி எடுத்தவள். உயிரோடு இருக்கிற மாவைக் குப்பையில் கொட்டுவது அவளுக்குப் பாவமாகப் பட்டது. அதோடு அன்றைக்கு மைதானத்தில் பெரிய மேட்ச். வண்டிக்காரர் விடிந்ததிலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

அவள் யோசித்தது இதுதான். ஜாடியில் இருப்பது மொத்தத்தையும் இன்றைக்கே போட்டுப் பிசைந்துவிடலாம், ஒரு பிடிகூடத் திரும்ப எடுத்துவைக்க வேண்டாம். ஓவனுக்குள் போனால் மாவின் கதை முடிந்தது. பன் முழுவதும் மைதானத்துக்குப் போய்விடும், எங்கிருந்தோ வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். நாள்கணக்கில் தின்றவர்களுக்குத்தானே இப்படி, ஒருதடவை தின்றால் என்ன ஆகிவிடும்? மனது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தலைத் தள்ளிவிட்டு வேலையில் இறங்கினாள். நாளைக்கு அவன் பழையபடி கதவைத் திறந்து வாயாடி என்று கூப்பிடுவான், அது ஒன்றுதான் அவள் கண்முன்னால் நின்றது.

வழக்கமாக ஒரு பிடி போகிற இடத்தில் அன்று ஜாடி முழுவதும் போயிற்று. மாவு அவள் பிசையும்போதே பொங்கியது, சுருட்டும்போதே வளர்ந்தது. ட்ரேயில் வைத்த சுருள்கள் எல்லாம் வாசலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. விதை தூவும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓவன் கதவை மூடிவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். வெந்து வந்த பன்னைப் போல் அழகான பன்னை அவள் அதுவரை போட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டிக்காரர் வந்தார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், ஒன்றுகூட இங்கே இருக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டு, கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்படியும் மனது ஆறாமல் அதைச் சாக்கில் சுற்றிச் சுவரில் அடித்து உடைத்தாள். அப்பாடா என்று இருந்தது. தெருவில் வண்டி போகிற சத்தம் கேட்டது. துண்டுகளைப் பொறுக்கி, மாவு பட்ட பாத்திரம் பண்டமெல்லாம் அங்கேயே உட்கார்ந்து தேய்த்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

மேட்சுக்காக அன்றைக்கு நகரத்தில் பாதி அலுவலகம் அரைநாளோடு மூடியிருந்தது. லிஃப்ட்காரனையும் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் உள்ளே வந்தபோது அவன் சமையலறை மேஜையருகே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தட்டு, பக்கத்தில் மடித்துவைத்த துணி. தட்டில் ஒரே ஒரு பன் மிச்சம் இருந்தது. அவன் உதட்டோரத்தில் இரண்டு எள் ஒட்டியிருந்தன. வண்டிக்காரருக்கு எல்லாம் என்றால் வண்டிக்கு ஆகிறதெல்லாம். ஓரத்துப் பன் நாலையும் எப்போதும்போல் தட்டில் எடுத்து மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை; இத்தனை நாளில் அந்தத் தட்டு அவள் பார்வைக்குப் பன்னாகவே படாமல், அவன் என்று ஆகிப்போயிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான்.

அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்தப் புருஷன் பெண்டாட்டி உள்ளே வந்தால் எழுந்து நிற்பான்?

"வாங்க, உக்காருங்க," என்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "யாரப் பாக்கணும்?"

விளையாடாதீர்கள் என்றாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கூச்சப்பட்டு ஒதுங்கி, அவன் அவள் கையை மெல்ல எடுத்துவிட்டான். யாரோ ஒரு பெண் தெரியாமல் இடித்துவிட்டால் விலகிக்கொள்கிற மாதிரி, கௌரவமாக விலகிக்கொண்டான். கோபித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை.

"தப்பா நினைக்காதீங்க. என் சம்சாரம் வர்ற நேரம். எனக்கு அவ்வளவா பேச வராது. அவ வந்தா நல்லா பேசுவா."

"அவங்க பேரு என்ன?"

அவன் முகம் மலர்ந்தது. இந்த ஒரு மாதமாக அவள் பார்க்காத அந்தச் சிரிப்பு வந்தது.

"நான் வாயாடின்னுதான் கூப்பிடுவேன்."

இத்தனை நாளும் எவளோ ஒருத்தி என்று நினைத்து மருகினாளே, அந்த ஒருத்தி அவளேதான். அவன் ஜன்னலுக்கு ஓடியதும், கதவு தட்டுகிற சத்தத்துக்காக அவளை வாயை மூடச் சொன்னதும், பூப்போட்ட தட்டைத் துடைத்து வைத்ததும் எல்லாம் அவளுக்காகத்தான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் நின்றாள். நான்தான்டா அது என்று கத்தினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவன் வேலை பார்த்த லிஃப்டுக்குள் அவள் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள், அவன் வெளியே நின்று கதவு வழியாகப் பேசிப் பேசி அவள் பயத்தைத் தெளியவைத்ததைச் சொன்னாள். அவன் பதறுகிற இடத்தில் பதறி, சிரிக்கிற இடத்தில் சிரித்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்:

"அவளும் இதைத்தான் சொல்வா. உங்களுக்கு அவளத் தெரியுமா?"

அவள் வெளியே ஓடினாள். யாராவது வந்து இவனிடம் சொன்னால் நம்பமாட்டானா என்று ஒரு நப்பாசை. தையல்காரம்மா தன் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பினாள், எதிர்பார்த்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்பால் தெரு நெடுக ஆட்கள் நின்றிருந்தார்கள். மைதானத்திலிருந்து வந்த கூட்டம். தொப்பி போட்டவர்கள், கொடி பிடித்தவர்கள், முகத்தில் சாயம் பூசியவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருந்த அப்பாமார்கள். மேட்ச் நடக்கிற நேரம், உள்ளே இருக்க வேண்டியவர்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். ஒருத்தரும் பேசவில்லை. தெருவின் இந்தப் பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கோடியைப் பார்த்தார்கள், அந்தப் பக்கத்தில் நின்றவர்கள் இந்தக் கோடியைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே, என் பிள்ளையைக் கண்டீர்களா என்று வாயாடியிடம் கேட்டாள். அந்தக் குழந்தை அம்மா எப்போது வருவாள் என்று கேட்டது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை.

தான் என்ன செய்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வீட்டுக்குள் ஓடி வந்து கதவைச் சாத்தினாள். கதவுச் சத்தம் கேட்டு லிஃப்ட்காரன் ஆசையோடு எட்டிப் பார்த்தான். அவளைக் கண்டதும் அந்த ஆசை வடிந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஊருக்குச் செய்த பாவத்துக்கு எந்தத் தண்டனை வந்தாலும் வரட்டும், இந்தப் பார்வையை மட்டும் இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று தோன்றியது.

தட்டில் இருந்த கடைசிப் பன்னைப் பார்த்தாள். அவன் எங்கோ ஓர் இடத்தில் அவளுக்காக நின்றுகொண்டிருக்கிறான். அந்த இடத்துக்குத் தானும் போய்விட்டால் என்ன? இங்கே கண்ணுக்கு முன்னால் நின்றால் தெரியாதவளை, அங்கே போனால் தெரியாமலா போய்விடும்? உடம்பு தடித்தால் தடிக்கட்டும். அவன் எதிரில் உட்கார்ந்து, அவனைப் பார்த்தபடியே பன்னை எடுத்துக் கடித்தாள்.

முறுகல் உடைந்தது. எள்ளும் கசகசாவும் பல்லுக்கடியில் நெறுநெறுத்தன. வெண்ணெய் வாசனை. பன் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். ஒரு வாய் போதாமல் முழுதும் தின்றாள். தின்னும்போது அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. புருவத்தில் இருக்கும் தழும்பு, கிரீஸ் போகாத நகங்கள், உதட்டோரத்தில் இன்னும் ஒட்டியிருந்த எள். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

மதிய வெயில் ஜன்னலில் இருந்து தரைக்கு இறங்கியது.

எதிரில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிந்தார், ஏதோ மெஷின் வேலை பார்க்கிறவர் போலிருந்தது. உதட்டில் எள் ஒட்டியிருக்கிறது என்று சொல்லலாமா என்று நினைத்தாள். முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

"உங்களுக்கு யார் வரணும்?" என்று அவர்தான் மரியாதைக்குக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர். வேலைக்குப் போயிருக்கார், வந்துடுவார்."

"என் சம்சாரமும் இப்ப வந்துடுவா," என்றார் அவர்.

வருகிறவன் பசியோடு வருவானே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. ஏனோ கை தடித்து அரித்தது, சொறிந்துகொண்டே தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். வீட்டில் ஆம்பிளை ஒருத்தர் தன் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவன் என்ன நினைப்பான்? அவர் மனம் கோணாதபடி, நாற்காலியைச் சத்தமில்லாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.